மாப்பிள்ளையின் முடியும் சலூன் அக்காவின் நோட்டும்

"நீங்கதானே நாய்க்கு முடி வெட்டுறவங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், சலூன் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். "மனுஷனுக்கு வெட்டுற கடைய என்னன்னு சொல்றீங்க? சலூன்னு தானே? அப்ப இதுவும் சலூன்தான். நாலு கால் வாடிக்கை, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பாள். இதையே பதினெட்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தெருவில் அவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் அவள் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அவருக்கும் சந்தேகம்தான்.

ஒரு ஷட்டர் அகலக் கடை. உள்ளே இடுப்பு உயரத்துக்கு ஒரு மேஜை, வழுக்காமல் இருக்க ரப்பர் விரிப்பு, நாயைக் கட்டி நிறுத்த ஒரு இரும்புக் கம்பம், மூலையில் தொட்டி, அதன் மேல் விமானம் கிளம்புவது போல இரையும் டிரையர். சுவரில் ஆணி அடித்து மெஷின் பிளேடுகளை நம்பர் வாரியாக மாட்டியிருப்பாள். தண்ணீர் போகும் ஓட்டையில் வாரத்துக்கு ஒரு தடவை முடி அடைத்துக்கொள்ளும். அதை நோண்டி எடுப்பது வீட்டுக்காரரின் ஞாயிற்றுக்கிழமை உத்தியோகம். மற்ற ஆறு நாளும் அவர் லிஃப்ட் மெக்கானிக்.

அக்கா முதலில் மனிதர்களுக்கு வெட்டியவள்தான். பெண்கள் பார்லர் ஒன்றில் ஏழு வருஷம் நின்றாள். வெட்டுவது பிடித்திருந்தது, வெட்டிக்கொள்கிறவர்களைப் பிடிக்கவில்லை. எழுந்து கண்ணாடியைப் பார்த்து, திரும்பிப் பார்த்து, "காதுகிட்ட கொஞ்சம் ஏறியிருக்கோ?" என்று இழுப்பார்கள். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் தன்னோடு ஒரு சடை நாயையும் கூட்டிவந்திருந்தார். அதன் கண்ணை மறைத்த முடியை அக்கா சும்மா இரண்டு நறுக்கு நறுக்கிவிட்டாள். அது உடம்பை ஒரு உலுக்கு உலுக்கியது, அவள் கையை ஒரு நக்கு நக்கியது, போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு குறை சொல்லவில்லை. அன்று சாயங்காலமே அக்கா வேலையை விட்டுவிட்டாள்.

நாய் குறை சொல்லாது, சரி. நாயின் சொந்தக்காரர்கள் விடுவார்களா? "போன தடவை இதைவிட நீளமா விட்டீங்களே" என்று ஒரு அம்மா கடையையே இரண்டாக்கிவிட்டுப் போனாள். அன்றைக்குப் பிறந்ததுதான் முடி நோட்டு. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு நோட்டு. ஒவ்வொரு தடவையும் இடது தோளில் அதே இடத்தில், அதே நம்பர் பிளேடால் வெட்டி விழுகிற முடியில் ஒரு கொத்தை எடுத்து, தேதி போட்டு, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டிவிடுவாள். கீழே ஒரு வரி: காது சுத்தம், நகம் வெட்டியது, மேஜையில் மூத்திரம் போனது, எது உண்டோ அது. இனி யாராவது நீளம், குட்டை என்று வாயைத் திறந்தால் நோட்டைத் திறப்பாள். அவ்வளவுதான், வந்தவர்கள் கப்சிப். "ஊர்ல எல்லார் வீட்டுலயும் கல்யாண ஆல்பம் இருக்கு. நம்ம வீட்டுல நாய் மயிர் ஆல்பம்" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். "உங்க தலையில ஒட்டுறதுக்கு ஒரு கொத்து இருந்தா உங்களுக்கும் ஒரு நோட்டு போட்டிருப்பேன்" என்று அவளும் விடமாட்டாள். அவர் தலை சுத்தமான வழுக்கை.

இந்தக் கடைக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவர் ஆபரேட்டர் அம்மா. பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி போர்டில் வேலை. பதினாறு வயதில் பார்வை போனது. இப்போது முப்பத்தாறு. அவரை நடத்திக் கூட்டிவருகிறவன் மாப்பிள்ளை. சுருட்டை முடி நாய், தேன் நிறம், அகல நெற்றி. வழிகாட்டி நாய்களுக்கான பயிற்சிப் பள்ளியில் அவனுக்கு ஏதோ ஒரு பெயரும் ஒரு எண்ணும் இருந்தன. ஆபரேட்டர் அம்மாவிடம் வந்த முதல் நாளே அவன் வீட்டுக்குள் நுழைந்து, எல்லா அறையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, இருந்ததிலேயே நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். "இது என்ன நாயா, மாப்பிள்ளையா?" என்றார் அவருடைய அண்ணன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளையின் முதுகில் ஒரு தோல் பட்டை பூட்டுவார்கள், அதிலிருந்து ஒரு கைப்பிடி எழுந்து நிற்கும். அந்தப் பிடி ஏறிவிட்டால் அவன் உத்தியோகத்தில் இருக்கிறான். அக்கா எதிரே நின்று "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கொஞ்சினாலும் ஒரு பார்வை பார்ப்பான், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். பிடியைக் கழற்றிய மறுவினாடி அவன் வேறு ஆள். மேஜை, சீப்பு, அக்கா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அவள் மேல் விழுந்து புரளுவான். "இவ்வளவு நேரம் தெரியாத மாதிரி வந்தீங்களே மாப்பிள்ளை, இப்ப என்ன கொஞ்சல் வேண்டிக்கிடக்கு?" என்று அக்கா அவன் காதைத் திருகுவாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. இதை நான் துக்கமாகச் சொல்லவில்லை, அவளும் துக்கமாக நினைப்பதில்லை. ஆனால் மாப்பிள்ளை வருகிற நாளில் கடைக்கு வேறு யாரையும் வரச்சொல்லமாட்டாள்.

ஒருநாள் அவன் முடி கொஞ்சம் மங்கலாக இருந்தது. மினுமினுப்புக்கு என்று கடையில் விற்கிற கடற்பாசிப் பொடியில் ஒரு டப்பாவை அக்கா ஆபரேட்டர் அம்மாவிடம் கொடுத்தாள். நாய் சாப்பாட்டில் கலந்து கொடுப்பது, நல்ல பொடிதான். டப்பாவுக்குள்ளேயே நகக்கண் அளவுக்கு ஒரு சின்னக் கரண்டி இருக்கும். அடுத்த தடவை வந்தபோது ஆபரேட்டர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, அந்தக் கரண்டி தினமும் பொடிக்குள்ள புதைஞ்சுபோகுது. கைய விட்டுத் தோண்டி எடுக்கறதுக்குள்ள நானும் தும்மல், மாப்பிள்ளையும் தும்மல்."

அக்காவுக்கு மனசு தாங்கவில்லை. "கண்ணுள்ளவங்களுக்கே அது தெரியாதும்மா. எவன் பண்ணினான் இப்படி ஒரு கரண்டி!" என்று அவர் கொண்டுவந்திருந்த டப்பாவை வாங்கி, அந்தச் சின்னக் கரண்டியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். குளிப்பாட்ட முடியாத நாய்களுக்குத் தூவித் தேய்க்கிற ஷாம்புப் பொடி டின்னில் ஒரு ஸ்கூப் இருந்தது. நல்ல நீளக் கைப்பிடி, விரலுக்குச் சட்டென்று அகப்படும். அதைக் கழுவித் துடைத்து உள்ளே போட்டுக் கொடுத்தாள். "இதுல ஒண்ணு போடுங்க, போதும். சத்துதானே, கூடக்குறைய இருந்தா என்ன" என்றாள். அன்றைய பக்கத்தில் முடியை ஒட்டிவிட்டுக் கீழே எழுதினாள்: "புது ஸ்கூப் கொடுத்தேன். அவங்களுக்கு வசதி." எழுதிவிட்டுத் தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். இருக்காதா பின்னே? நல்லது செய்த நாள் அது.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனது. மாப்பிள்ளை பூசினாற்போல ஆனான். "கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனா எந்த மாப்பிள்ளைதான் குண்டாகல?" என்று வீட்டுக்காரர் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். வெயில் விழும் கட்டத்தைத் தேடித் தேடிப் படுத்தான். நடை மெதுவானது. ஒருநாள் அக்கா பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, பிடி ஏறிய மாப்பிள்ளை எதிரே வந்தான். வந்தவன் அவளைப் பார்த்ததும் நேராக அவளிடமே வந்து, அவள் காலடியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தீங்களா, வேலையிலயும் என்னை விட்டுக்கொடுக்கல என் மாப்பிள்ளை!" என்று நாலு பேரிடம் சொல்லிப் பூரித்துப்போனாள். ஆபரேட்டர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார்.

அதற்கடுத்த மாதம் ஆபரேட்டர் அம்மா கடைக்கு வந்தபோது முழங்கையில் கட்டு. பெரிய ரோட்டைக் கடக்கும்போது மாப்பிள்ளை பாதியில் உட்கார்ந்துவிட்டான். தடுக்கி விழுந்திருக்கிறார்.

"பள்ளியிலேருந்து அதிகாரி வந்து பார்த்தாருக்கா" என்றார். தொலைபேசியில் பழகிய குரல் என்பதால் எப்போதும் தெளிவாக, ஏற்ற இறக்கமாக இருக்கும். அன்று ஒரே தட்டையாக இருந்தது. "இவனுக்கு வேலையில நாட்டம் போயிடுச்சாம். ஏழு வாரம் கழிச்சு இன்னொரு தடவ நடத்திப் பார்ப்பாராம். அதுலயும் இப்படியே இருந்தா கூட்டிட்டுப் போயிடுவாங்க. அடுத்த நாய்க்கு மூணு வருஷம் காத்திருக்கணும்."

"மூணு வருஷமா? அதுவரைக்கும்?"

"அண்ணன் கைதான்." முழங்கைக் கட்டைத் தடவிக்கொண்டார். "அண்ணன் தங்கமானவர்க்கா. ஆனா அண்ணன் கையப் புடிச்சா அண்ணன் போற இடத்துக்குத்தான் போகலாம். மாப்பிள்ளையோட பிடியப் புடிச்சாதான் நான் போற இடத்துக்குப் போகலாம்."

அக்காவுக்குத் தெரிந்தது ஒன்றுதான், மெஷினை எடுத்தாள். மாப்பிள்ளையின் இடது தோளில் வைத்தாள். அடர்ந்த முடியில் மெஷின் கரகரவென்று தின்றுகொண்டு போகும், அந்தச் சத்தத்திலேயே அவள் கை தானாக நகரும். அன்று மெஷின் ஈ பறக்கிற மாதிரி ரீங்காரம் போட்டது. தோளிலிருந்து இடுப்புவரை ஒரே ரீங்காரம். வெட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆறு வாரத்துக்கு முன்பு அவள் வெட்டிவிட்ட இடத்தில் முடி வெட்டினபடியே இருந்தது.

மெஷினை அணைத்துவிட்டு நோட்டை எடுத்து, புதுப் பக்கத்தில் தேதி போட்டுக் கோந்தும் தடவினாள், ஒட்டத்தான் ஒன்றுமில்லை. வழக்கமாக மற்றவர்களின் வாயை அடைக்கத்தான் பழைய பக்கங்களைத் திறப்பாள். அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தனக்காகப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஆரம்பத்தில் கட்டைவிரல் நக நீளத்துக்குப் புசுபுசுவென்று கொத்துகள். பிறகு சுண்டுவிரல் நகம். பிறகு அரிசி நீளம். போன தடவை தூசி மாதிரி நாலு மயிர், அதைக்கூட அவள் கோந்து தடவி ஒட்டிவைத்திருக்கிறாள்! கை செய்திருக்கிறது, கண் பார்க்கவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்தில் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

"கிளம்புங்கம்மா. டாக்டர்கிட்ட போறோம். இப்பவே."

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். ஒரு கையால் பூனையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போன் பேசுகிற ஆள். அக்கா நோட்டை அவள் முன்னால் விரித்தாள். டாக்டர் பூனையை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே எல்லாப் பக்கத்தையும் பார்த்தாள்.

"இது மாதிரி ரிப்போர்ட் எனக்கு எந்த லேப்லயும் வராதுங்க" என்றாள். மாப்பிள்ளையின் கழுத்தைத் தடவினாள், தோலைக் கிள்ளிப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். இரண்டு நாள் கழித்து மூவரையும் திரும்ப வரச்சொன்னாள்.

"சோம்பேறித்தனமும் இல்ல, நாட்டமும் போகல" என்று ஆரம்பித்தாள் டாக்டர். "கழுத்துல தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கு. உடம்பு எவ்வளவு வேகத்துல ஓடணும்னு சொல்றது அதோட ஹார்மோன்தான். இவனுக்கு அது பாதாளத்துக்குப் போயிருக்கு. அதான் குளிருது, எடை ஏறுது, முடி வளரல, நடு ரோட்டுல உட்கார்ந்துடறான். பாவம், இவ்வளவு நாள் நடந்ததே பெரிசு."

"மாத்திரை இருக்கா டாக்டர்?" என்றார் ஆபரேட்டர் அம்மா.

"இருக்கு. பெரும்பாலும் இது சுரப்பியே அழிஞ்சு வர்ற நோய். மாத்திரை குடுத்தா நல்லாவே இருப்பான். ஆனா ஆயுசு முழுக்கக் குடுக்கணும்."

ஆபரேட்டர் அம்மாவின் கை மாப்பிள்ளையின் காதில் அப்படியே நின்றது. "ஆயுசு முழுக்க மருந்துன்னா பள்ளியில வேலைக்கு வச்சுக்கமாட்டாங்க. அது அவங்க சட்டம்."

டாக்டர் பேனாவைத் திறந்தாள், மூடினாள். "எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கறேன். சாப்பாட்டுல வேற ஏதாவது சேர்க்கறீங்களா?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். அக்கா குடுத்த கடற்பாசிப் பொடி மட்டும்தான். தினம் ஒரு கரண்டி. ஒருநாள்கூடத் தவறினதில்ல."

டாக்டர் டப்பாவின் பெயரைக் கேட்டு, கணினியில் தேடிப் படித்தாள். "கடற்பாசியில அயோடின் ஜாஸ்தி. தைராய்டுக்கு அதுதான் மூலப்பொருள். ஆனா அயோடின், செம்பு, துத்தநாகம், செலினியம் இதெல்லாம் உடம்புக்கு இம்மி அளவுதான் வேணும். குறைஞ்சாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். அயோடின் அளவுக்கு மீறிப் போச்சுன்னா சுரப்பி வேலையையே நிறுத்திடும்." மறுபடி திரையைப் பார்த்தாள். "ஒரு கரண்டின்னா அரை கிராம். அது ஒண்ணும் பண்ணாது. சரி, அப்ப மாத்திரையே எழுதிடறேன்."

இங்கேதான் நான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அந்த அறையில் கரண்டி எதுவென்று தெரிந்த ஆள் ஒருத்திதான். ஆபரேட்டர் அம்மாவுக்கு அது வசதியான கரண்டி, அவ்வளவுதான் தெரியும். டாக்டருக்கு அதுவும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை. பதினெட்டு வருஷக் கடை, "சலூன் அக்கா கைராசி" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பெயர், எல்லாம் அப்படியே இருக்கும். மாப்பிள்ளை மட்டும் போய்விடுவான். பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது.

"அது அந்தக் கரண்டி இல்லைங்க" என்றாள் அக்கா. "அத நான் தூக்கிப் போட்டுட்டேன். அதுல இருக்கறது என்னோட ஷாம்பு ஸ்கூப்பு."

டாக்டர் நிமிர்ந்தாள்.

"வசதியா இருக்கட்டும்னு நான்தான் போட்டுக் குடுத்தேன். நோட்டுல எழுதிகூட வச்சிருக்கேன், பாருங்க." பக்கத்தைத் திருப்பி விரலை வைத்துக் காட்டினாள். புது ஸ்கூப் கொடுத்தேன். அடுத்த பக்கத்திலிருந்துதான் முடி குறைகிறது. அவள் கையெழுத்தே அவளைக் காட்டிக்கொடுத்தது.

அண்ணனுக்கு போன் போட்டு டப்பாவை வரவழைத்தார்கள். டாக்டர் ஸ்கூப்பில் பொடியை அள்ளித் தலைதட்டி, மருந்து நிறுக்கும் தராசில் கொட்டினாள். ஆறு கிராம். பன்னிரண்டு மடங்கு.

ஆபரேட்டர் அம்மா எழுந்து மாப்பிள்ளையின் பிடியைப் பிடித்தார். "நான் தலைதட்டித் தலைதட்டிப் போட்டேன்க்கா" என்றார் மெதுவாக. "ஒரு துளி சிந்தாம." அண்ணனோடு போய்விட்டார்.

அக்கா உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். டாக்டர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அழறத அப்புறம் வச்சுக்கோங்க" என்றாள். "நீங்க வாயத் திறக்கலன்னா நான் மாத்திரை எழுதியிருப்பேன். பொடியும் தொடர்ந்திருக்கும். இது வெளியிலேருந்து வந்த கோளாறுன்னா, நிறுத்தினா சுரப்பி திரும்ப முழிச்சுக்க வாய்ப்பு இருக்கு. உறுதி சொல்லமாட்டேன். ஆறு வாரம் பார்ப்போம்."

பரீட்சைக்கு இன்னும் ஏழு வாரம்கூட இல்லை.

மறுநாள் காலை அக்கா செய்த முதல் காரியம், கடை ஷட்டரில் கொட்டை எழுத்தில் ஒரு அட்டை மாட்டினாள்: "என்னிடம் கடற்பாசிப் பொடி வாங்கியவர்கள் உடனே நிறுத்தவும். அளவு சொன்னதில் என் தவறு. டப்பாவைக் கொண்டுவரவும்." வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, 'தவறு'ன்னு போடணுமா? 'மாற்றம்'னு போடலாமே?"

"லிஃப்ட் நடுவுல நின்னா நீங்க என்ன போர்டு மாட்டுவீங்க? 'லிஃப்ட் ஓய்வெடுக்குது'ன்னா?"

அவர் ஆணியை இன்னும் நன்றாக அடித்துக் கொடுத்தார்.

சிலர் வந்து திட்டினார்கள். சிலர் வராமலே போனார்கள். ஷாம்பு ஸ்கூப் போட்டுக் கொடுத்தது இன்னொரு வீட்டுக்கும்தான், ஒரு வயதான டாக்ஸி டிரைவர் வீடு. அவர் பொடியைத் தன் செடிக்குப் போட்டிருந்தார். "நாய் அத மோந்துகூடப் பார்க்கலைங்க. செடிதான் ஜோரா இருக்கு" என்றார். பத்து நாளில் அக்கா சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஆபரேட்டர் அம்மாவிடமிருந்து பேச்சு மூச்சு இல்லை. அக்கா வீட்டுப் படிவரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தாள். மூன்றாவது வாரம் கடை போன் அடித்தது. எடுத்தால், ஆஸ்பத்திரி போர்டில் பேசுகிற அதே கணீர்க் குரல்.

"சலூனா? ஒரு புகார் பதிவு செய்யணும்."

அக்காவுக்கு வியர்த்துவிட்டது. "சொல்லுங்கம்மா."

"எங்க வீட்டு மாப்பிள்ளை இன்னைக்குக் காலையில எங்க அண்ணனோட செருப்பத் தூக்கிட்டு வீடு முழுக்க ஓடினாரு. அண்ணன் பின்னாடியே ஓடினாரு. ஒரு வருஷமா நடக்காத அக்கிரமம். யார் பொறுப்பு?" அதற்குள் குரல் உடைந்துவிட்டது. "ஓடறான்க்கா. ஓடறான்."

அக்கா போனைக் காதில் வைத்தபடியே "என்னங்க! என்னங்க!" என்று கத்தினாள். தொட்டி ஓட்டையில் கையை விட்டிருந்த வீட்டுக்காரர் பதறி எழுந்து தலையை இடித்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் டாக்டர் மறுபடி ரத்தம் எடுத்தாள். பார்த்துவிட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "முழிச்சுக்கிச்சு." மாத்திரை எழுதவில்லை. ஆனால் ரத்தம் சொல்வது வேறு, ரோடு சொல்வது வேறு. அதிகாரிக்கு ரிப்போர்ட் காட்டியாகிவிட்டது. அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "நான் கால்களைத்தான் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டார். கண்டிப்பான மனிதர். இருக்கத்தானே வேண்டும், ஒரு உயிரின் பொறுப்பு.

பரீட்சை நாள். வீட்டிலிருந்து நிறுத்தம், அங்கிருந்து பஸ், இறங்கிப் பெரிய ரோடு, அதைக் கடந்தால் ஆஸ்பத்திரி வாசல். அதிகாரி பத்தடி பின்னால் வருவார். தெரிந்தவர்கள் யாரும் வழியில் தலைகாட்டக் கூடாது என்று சொல்லியிருந்தார். அக்கா தலைகாட்டவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பழக்கடைக் குடைக்குப் பின்னால் உடம்பை மட்டும் காட்டிக்கொண்டு நின்றாள்.

பஸ் வந்தது. மாப்பிள்ளை முதலில் இறங்கி, ஆபரேட்டர் அம்மா படி இறங்கும்வரை நின்று, நிமிர்ந்தான். அந்த நெஞ்சு நிமிர்த்தலைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று! நடைபாதையில் யாரோ வண்டியை ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். அவன் வேகம் குறையாமல் சுற்றிப் போனான். ரோட்டு விளிம்பில் நின்றான். போக்குவரத்து சற்று ஓய்ந்தது. ஆபரேட்டர் அம்மா காதைத் தீட்டிக் கேட்டார், ஒன்றும் வரவில்லை. "போ" என்றார்.

மாப்பிள்ளை போகவில்லை.

பழக்கடைக் குடையின் கம்பியை அக்கா இறுக்கிப் பிடித்தாள். ஐயோ, உட்கார்ந்துவிடப்போகிறான். பின்னால் அதிகாரி நோட்டில் ஏதோ எழுதுவது தெரிந்தது.

"போ, மாப்பிள்ளை."

அவன் உட்காரவில்லை. ஒரு அடி முன்னால் வைத்து, திரும்பி, தன் உடம்பைக் குறுக்கே வைத்து அவர் முழங்காலை மறித்துக்கொண்டு நின்றான். அடுத்த நொடி வளைவிலிருந்து ஒரு பேட்டரி கார், சத்தம் என்று ஒரு பொட்டு இல்லாமல், அவர் கால் வைத்திருக்க வேண்டிய இடத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. காற்று மட்டும் அவர் சேலையில் அடித்தது. ஆபரேட்டர் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. இடது கை அவன் தலையில் ஒரு வினாடி நின்றது. பிறகு அவன் தானாகவே நேராகி, அவரைக் கடத்திக்கொண்டு வந்தான்.

வந்து ஏறியது பழக்கடைக்கு நேரே. அக்காவுக்கு ஒளிய இடமில்லை. குடைக்குக் கீழே அவள் கால், அவள் செருப்பு, அவள் வாசனை. மாப்பிள்ளையின் மூக்கு துடித்தது. பார்த்தான். நேருக்கு நேர், கண்ணோடு கண். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே சொன்னாள்: வராதே. என் கண்ணே, வராதே.

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரோ எவளோ என்பது போல, வாலைக்கூட ஆட்டாமல், விறைப்பாக அவளைத் தாண்டிப் போனான்.

அக்கா அங்கேயே நின்று வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, நிறுத்த முடியவில்லை. "என்னம்மா ஆச்சு?" என்று பழக்கடைக்காரர் பதறினார். "என்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டான்ங்க! மாப்பிள்ளை என்னைத் தெரியாதுன்னு சொல்லிட்டான்!" என்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பாவம், அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரோ கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்து ஒரு பழம் எடுத்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் அதிகாரி தன் நோட்டை மூடினார். "போன்னதும் போற நாய் நிறைய இருக்கும்மா. போகாத நாய்தான் எங்களுக்கு வேணும்" என்றார். "இவன் உங்களோடயே இருக்கட்டும்." பிறகு பழக்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்து, "குடைக்குப் பின்னால இருக்கற அம்மாவையும் வரச்சொல்லுங்க. நான் ஆரம்பத்துலேயே பார்த்துட்டேன்" என்றார்.

முடி வர இன்னும் மாதங்கள் பிடித்தன. ஆறு வாரம் கழித்து வந்தபோது மேஜையில் ஏற்றினார்கள், மெஷின் இன்னும் ரீங்காரம்தான் போட்டது. அந்தப் பக்கத்திலும் ஒட்ட ஒன்றுமில்லை. அதற்கடுத்த தடவை கொஞ்சம் கரகரத்தது. நாலு மாதம் தாண்டி வந்தபோது தோளில் வைத்தவுடனே கர்ர்ரென்று தின்றுகொண்டு போனது. நாற்காலியில் இருந்த ஆபரேட்டர் அம்மா தலையைத் தூக்கினார்.

"அக்கா, அந்தச் சத்தம்."

"அதேதாம்மா."

அக்கா ஒரு கொத்தை எடுத்து ஒட்டினாள். தேன் நிறம், சுருட்டை, கட்டைவிரல் நக நீளம். ஆபரேட்டர் அம்மா கையை நீட்டினார். "அந்த நோட்டக் குடுங்க. எல்லாரும் பார்த்தீங்க, நான் மட்டும்தான் பார்க்கல."

அக்கா அவர் மடியில் நோட்டை வைத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். அவர் விரல் நுனியால் கொத்தைத் தொட்டார், புரட்டினார், அடுத்ததைத் தொட்டார். நீளம். நீளம். பிறகு குட்டை, இன்னும் குட்டை, தூசி. அவர் முகத்தில் ஒவ்வொரு மாதமும் வந்து போவதை அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டரிடம் ஓடிய நாளின் வெறும் பக்கம் வந்தது. விரல் அங்கே மேலும் கீழும் தேடி, காய்ந்த கோந்து மட்டும் தட்டுப்பட்டு நின்றது.

"இங்க நான் உங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன்" என்றார்.

"இருக்கவேண்டியதுதானே."

அவர் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் ஈரம் காயாத கோந்தில் புது முடி. விரல் அதில் நுழைந்து நின்றது. பிடி கழற்றியிருந்த மாப்பிள்ளை மேஜையிலிருந்து குதித்து, இருவருக்கும் நடுவில் புகுந்து, நோட்டின் மேலேயே தலையை வைத்துப் படுத்தான்.

"கீழ என்ன எழுதப்போறீங்க?" என்று கேட்டார் ஆபரேட்டர் அம்மா.

அக்கா பேனாவை எடுத்தாள். எழுதிவிட்டுப் படித்துக் காட்டினாள்: "முடி பழையபடி. காது சுத்தம். நடைபாதையில் என்னைக் கண்டுகொள்ளவில்லை."